குறைந்த தூரப் பயணத்துக்குப் பழைய சிறிய கார்: திருச்சி, ஸ்ரீரங்கம் வாசிகளுக்கான விளக்கம்

பழைய சிறிய கார் என்று இக்கட்டுரை குறிப்பிடுவது, முன்பு ஒருவரோ பலரோ ஓட்டிய, எஞ்சின் கொள்ளளவு ஏறத்தாழ 600 முதல் 1,100 கன சென்டிமீட்டர் வரை உள்ள, நான்கு பேர் உட்காரக்கூடிய பெட்ரோல் காரை. பாடநூல்கள் இதை மகிழுந்து என்கின்றன. விற்பவர், வாங்குபவர், மெக்கானிக் எல்லோரும் கார் என்றே சொல்வதால் இங்கும் அப்படியே எழுதப்படுகிறது.

ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவு. இங்கிருந்து சத்திரம் பேருந்து நிலையம் சுமார் 5 கிலோமீட்டர். மத்தியப் பேருந்து நிலையம் சுமார் 9 கிலோமீட்டர். தில்லைநகர் மருத்துவமனைகள், காந்தி மார்க்கெட், உறையூர் எல்லாம் இந்த வட்டத்துக்குள் அடங்கும். ஒன்றாம் நம்பர் பேருந்து இருக்கும்போது கார் எதற்கு என்று கேட்கலாம். கால் நன்றாக இருக்கும்வரை நானும் அப்படித்தான் கேட்டேன். இரவு பத்து மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்காரும்போதும், ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார மனைவியின் முழங்கால் ஒத்துழைக்காதபோதும் அந்தக் கேள்வி மாறிவிடுகிறது. பணி ஓய்வுப் பணத்தில் ஒன்றரை, இரண்டு லட்சத்தை எடுத்து வைத்துக்கொண்டு கார் தேடும் குடும்பங்கள் இங்கே நிறைய. அந்தப் பணம் போனால் திரும்ப வராது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் கணக்கு

நாளைக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்தால் மாதம் 300, வருடம் 3,600 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வட்டமாக எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 240 லிட்டர், அதாவது 24,000 ரூபாய். 20 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 180 லிட்டர், 18,000 ரூபாய். வித்தியாசம் மாதம் 500 ரூபாய்தான். கார் வாங்கப் போகிறவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது மைலேஜ் எவ்வளவு என்பது. உள்ளூரில் மட்டும் ஓட்டுபவருக்கு அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. நல்ல மைலேஜுக்காக 40,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் அதைத் திரும்ப எடுக்க ஆறு வருடத்துக்கு மேலாகும்.

டீசலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிக்கு ஏற்ப வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. தேங்கிய கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள அதற்கு நெடுஞ்சாலை வேகத்தில் தொடர்ந்த ஓட்டம் வேண்டும். மாம்பழச் சாலைக்கும் சத்திரத்துக்கும் இடையே ஊர்ந்துகொண்டிருந்தால் அது அடைத்துக்கொள்ளும். மாற்றுவதற்கு ஆகும் செலவில் ஒரு பழைய பெட்ரோல் காரின் விலையில் நல்ல பகுதி போய்விடும். உள்ளூர் ஓட்டத்துக்கு டீசல் வேண்டாம்.

வருடச் செலவையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பெட்ரோல் 24,000. 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு, 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 2,094 ரூபாய், வரி தனி. சர்வீசுக்கு 6,000, எதிர்பாராத பழுதுக்கு 10,000 என்று நான் ஒதுக்குவேன். மொத்தம் 42,000 சொச்சம், மாதம் 3,500. ஒரு ஆட்டோ சவாரி 200 ரூபாய் என்றால் மாதம் 17 சவாரிக்கு இது சமம். மாதத்தில் ஏழெட்டு முறைதான் ஆற்றைத் தாண்டுகிறீர்கள் என்றால் ஆட்டோவே மலிவு. கார் வாங்காமல் இருப்பதும் ஒரு நல்ல முடிவுதான், வீட்டில் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றாலும்.

குறைந்த தூரம் எஞ்சினை என்ன செய்கிறது?

கொஞ்சமாக ஓடும் கார் கெடாது என்பது பொதுவான நம்பிக்கை. எங்கள் தெருவுக்கு வரும் மெக்கானிக் வேறு மாதிரி சொல்வார்: "சார், வண்டி ஓடினா கெடாது, நின்னாத்தான் கெடும்." இதில் பாதிக்கு மேல் உண்மை. காரணம் வேதியியலில் இருக்கிறது.

பெட்ரோலை ஆக்டேன் என்று வைத்துக்கொண்டால், 114 கிராம் ஆக்டேன் முழுமையாக எரியும்போது 162 கிராம் தண்ணீர் உண்டாகிறது. ஏறக்குறைய ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். சூடான எஞ்சினில் இது ஆவியாக சைலன்சர் வழியே வெளியேறிவிடும். எஞ்சின் சூடேறும் முன்பே வண்டியை நிறுத்தினால் ஒரு பகுதி சைலன்சருக்குள் தங்கி உள்ளிருந்து துருவை உண்டாக்கும். இன்னொரு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலக்கும். கூலன்ட் பத்து நிமிடத்தில் சூடாகிவிடும், ஆயில் சூடாக அதைவிட நேரம் ஆகும். ஐந்து கிலோமீட்டர் பயணத்தில் ஆயிலில் சேர்ந்த ஈரம் போக வழியில்லை.

வெளிநாட்டுக் கட்டுரைகளில் இது பெரிய ஆபத்தாக எழுதப்பட்டிருக்கும். பனியில் நிற்கும் காருக்கு அது சரி. திருச்சி வெயிலில் எஞ்சின் சீக்கிரமே சூடேறிவிடுவதால் பாதிப்பு குறைவு. நமக்கு இங்கே பெரிய தொல்லை பேட்டரி. வெப்பம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது. வண்டியைக் கிளப்பும்போது செலவாகும் மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் திரும்ப நிரப்புவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. ஏ.சி.யும் விளக்கும் ஓடினால் நிரம்புவது இன்னும் தாமதம். நாலு நாள் நிறுத்திவிட்டு வந்தால் செல்ஃப் எடுக்காது.

ரப்பருக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது, வருடக் கணக்குதான். டயர், குழாய்கள், கதவு ரப்பர் எல்லாம் நின்றபடியே வயதாகும். மாருதி 800, பழைய ஆல்டோ, பழைய சான்ட்ரோ எஞ்சின்களில் டைமிங் பெல்ட் உண்டு, அதுவும் ரப்பர்தான். அறுந்தால் நடுச்சாலையில் எஞ்சின் நின்றுவிடும், சில வகை எஞ்சின்களில் வால்வுகளும் வளைந்துவிடும். ஆல்டோ கே10 போன்றவற்றில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு வரை கலக்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதற்கென வடிவமைக்கப்படாத பழைய கார்களில் சில ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் மாற்ற வேண்டி வரலாம்.

ஆகவே "ஒரே ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி, 12 வருடத்தில் 18,000 கிலோமீட்டர்தான்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் மகிழ்ந்துவிட வேண்டாம். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்க, அப்பா ஓட்டாமல் போர்வை போர்த்தி நிறுத்திய கார்கள் இந்த ஊரில் நிறைய உண்டு. பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும். வாங்கிய மூன்றாவது மாதத்தில் ஒவ்வொன்றாகக் கேட்கும். என்னைக் கேட்டால், 12 வருடத்தில் 60,000 கிலோமீட்டர் ஒழுங்காக ஓடி, வருடா வருடம் ஆயில் மாற்றிய பில் வைத்திருக்கும் காரே மேல்.

எந்தக் கார்?

மாருதி 800 விற்பனைக்கு வந்தது 1983 டிசம்பரில். 796 சி.சி., மூன்று சிலிண்டர், நீளம் 3.3 மீட்டர். 2014 தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. இன்றும் எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார், பாகங்களும் கிடைக்கும். ஆனால் இருக்கை தாழ்வு. முழங்கால் வலி உள்ளவர் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டியிருக்கும். கடைசியாக வந்த வண்டிகளுக்கே பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

2000இல் வந்த ஆல்டோவும் 2012இல் வந்த ஆல்டோ 800உம் அதன் வழித்தோன்றல்கள். பாகமும் வேலையாளும் எளிதாகக் கிடைப்பதில் இவற்றுக்குத்தான் முதலிடம். வயதானவர்கள் உள்ள வீட்டுக்கு நான் சொல்வது உயரமான வடிவமுள்ள வேகன் ஆர் அல்லது சான்ட்ரோ. நாற்காலியில் உட்காருவதுபோல உட்காரலாம், எழலாம். 1998இல் வந்த சான்ட்ரோ, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாரானது. நம் மாநிலத்தில் நிறைய ஓடிய வண்டி. அதே தொழிற்சாலையின் ஐ10, இயான் ஆகியவையும் பார்க்கத் தக்கவை.

2009இல் வந்த டாடா நானோவைப் பற்றி மாணவர்கள் கேட்பதுண்டு. 624 சி.சி., இரண்டு சிலிண்டர், எஞ்சின் பின்புறம். நீளம் 3.1 மீட்டர்தான். நான்கு மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். அடையவளஞ்சான் வீதியை ஒட்டிய சந்துகளுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற வண்டி. 2015க்கு முந்தைய மாதிரிகளில் பின்கதவு திறக்காது, சாமானை உள்ளிருந்துதான் வைக்க வேண்டும். 2018இல் உற்பத்தி நின்றுவிட்டதால், அந்த வண்டியில் கைதேர்ந்த மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். செவர்லே ஸ்பார்க் போன்ற, இந்தியாவில் விற்பனையையே நிறுத்திவிட்ட நிறுவனங்களின் கார்கள் விலை மலிவாக வரும். ஒரு கண்ணாடிக்கோ சென்சாருக்கோ அலைய நேரமிருப்பவர்கள் வாங்கலாம்.

பாதுகாப்பை மறைக்கக் கூடாது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு வெளியிட்ட மோதல் சோதனை முடிவுகளில், காற்றுப்பை இல்லாத ஆல்டோ 800, நானோ, ஐ10 ஆகியவை பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. ஓட்டுநருக்குக் காற்றுப்பை இந்தியாவில் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். பணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அதற்குப் பிந்தைய வண்டியை வாங்குங்கள். முடியாவிட்டால் இந்த வண்டியைச் சென்னை நெடுஞ்சாலையில் கொண்டுபோவதில்லை என்று வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். "ஒரே ஒரு தடவை, கல்யாணத்துக்கு" என்று தொடங்கும் பேச்சுக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

நின்ற வண்டியைப் பார்ப்பது

காலையில், எஞ்சின் சூடாகாதபோது போங்கள். நீங்கள் வரும் முன்பே விற்பவர் கிளப்பி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். ஆறிய எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதில் பாதி உண்மை தெரியும்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். தயிர் ஏடு போல வெளுப்பாக ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. மேலே சொன்ன குறுகிய ஓட்டத்தின் ஈரமாகவும் இருக்கலாம், ஹெட் கேஸ்கெட் போனதாகவும் இருக்கலாம். கூலன்ட் அளவு குறைந்துகொண்டே வருகிறதா, எஞ்சின் அதிகச் சூடாகிறதா என்பதை வைத்துத்தான் பிரிக்க முடியும். அதை மெக்கானிக் சொல்லட்டும். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு ஓடினால் அந்த டயர் தீர்ந்தது. நான்கு டயரும் ஒரு பேட்டரியும் சேர்ந்து பதினைந்தாயிரம் ரூபாயை எளிதில் விழுங்கும். விலை பேசும்போதே அதைக் கழிக்க வேண்டும்.

குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் சிறு காந்தத்தை எடுத்துப் போங்கள். மெல்லிய துணியில் சுற்றிக் கதவு, மட்கார்டு, டிக்கி ஓரங்களில் வைத்தால் தகட்டில் ஒட்டும். பட்டி பூசி டிங்கரிங் செய்த இடத்தில் ஒட்டாது. பிளாஸ்டிக் பம்பரில் ஒட்டாததைக் கண்டு பயப்பட வேண்டாம். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். வண்டல் மண், ஈர வாடை, பெல்ட்டின் அடியில் கறைக்கோடு, இருக்கைத் தண்டவாளத்தில் துரு இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. அவை எங்கும் விலைக்கு வரலாம். பானட்டுக்குள் எலி கடித்த வயர்களையும் தேடுங்கள். நின்ற வண்டியில் எலி குடியேறுவது இங்கே சர்வ சாதாரணம்.

ஓட்டிப் பார்த்தல்

தெருவுக்குள் ஒரு சுற்று போதாது. மாம்பழச் சாலையிலிருந்து திருவானைக்காவல் பக்கம் போகும் ரயில்வே மேம்பாலத்தில் ஏற்றுங்கள். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. பிறகு காவிரிப் பாலத்தில் மாலை நெரிசலில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போங்கள். வெப்பமுள் நடுவில் நிற்க வேண்டும், ரேடியேட்டர் விசிறி சுற்றி நிற்கும் சத்தம் கேட்க வேண்டும். 1976இல் கட்டப்பட்ட அந்தப் பாலம் 2022 செப்டம்பரில் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டு 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் கார்க்காரர்கள் நெடுஞ்சாலை வழியே சுற்றிப் போனார்கள். சிறிய கார்களின் கிளட்சுக்கு அது ஓய்வுக்காலமாக இருந்திருக்கும்.

காலியான சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அழுத்தினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. கடைசியாக உங்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்திப் பாருங்கள். திண்ணை வைத்த பழைய வீடுகளில் கார் கொட்டகை கிடையாது. சித்திரைத் தேர் ஓடும் நாளில் சித்திரை வீதியிலும், தைத்தேர் நாளில் உத்திர வீதியிலும் வண்டி நிற்க முடியாது. எங்கே நிறுத்தப் போகிறோம் என்பதை வாங்கும் முன் முடிவு செய்யாதவர்கள் பிறகு பக்கத்து வீட்டாரோடு சண்டை போடுகிறார்கள்.

காகிதங்கள்

எஞ்சினில் ஏமாந்தால் பணம் போகும். காகிதத்தில் ஏமாந்தால் வழக்கு வரும். இதில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சம அக்கறை வேண்டும்.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஆய்வு செய்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய் ஆக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பசுமை வரி தனி. ஆகவே 14 வயதுக் கார் மலிவாக வந்தால் இந்தச் செலவையும், ஆய்வில் தேறுவதற்கான வேலையையும் விலையில் குறைத்துக் கேட்பது நியாயம்.

பதிவுச் சான்றில் உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்ததோடு நீங்களே ஒப்பிட வேண்டும். அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் பதிவு எதுவரை செல்லும், காப்பீடு உண்டா, நிதி நிறுவனத்தின் அடமானம் நிற்கிறதா, அபராதம் பாக்கியா என்பதெல்லாம் தெரியும். கடன் கட்டி முடித்தாலும் அடமானப் பதிவு தானாக நீங்காது. நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் படிவம் 35உம் வேண்டும். எரிவாயுக் கலன் பொருத்தியிருந்தால் அது பதிவுச் சான்றில் ஏறியிருக்க வேண்டும்.

டெல்லிப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் ஓடக் கூடாது என்ற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. அதன்பின் அங்கிருந்து பழைய கார்கள் மலிவாக வெளியே வந்தன. வெளிமாநில வண்டிக்கு அங்கத்திய தடையின்மைச் சான்று வேண்டும், இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும், பதிவு எண் மாற்ற வேண்டும். கூட்டிப் பார்த்தால் மலிவு காணாமல் போகும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கையெழுத்திட்ட படிவங்களைப் பூர்த்தி செய்யாமல் வாங்கி மேசைக்குள் வைத்துக்கொள்ளும் வழக்கம் இங்கே உண்டு. என்னோடு பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவர் அப்படிக் கொடுத்துவிட்டு, பார்த்தே இராத ஊர்களின் போக்குவரத்து அபராதக் குறுஞ்செய்திகளை இரண்டு வருடம் வாங்கினார். அபராதத்தோடு போனது அவருடைய அதிர்ஷ்டம். பலர் கைமாறியும் பெயர் மாற்றாத ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் அந்தக் காரை விற்று ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். காப்பீட்டையும் வாங்கியவர் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். இழப்பு கோராமல் இருந்ததற்கான தள்ளுபடி ஆளுக்கு உரியது, காரோடு வராது. திருச்சி மேற்குப் பதிவுகள் டி.என். 45 என்றும், ஸ்ரீரங்கம் டி.என். 48 என்றும், திருச்சி கிழக்கு டி.என். 81 என்றும் தொடங்கும். முகவர் எல்லாம் பார்த்துக்கொள்வார் என்றாலும், புதிய சான்று உங்கள் பெயரில் கைக்கு வரும்வரை கடைசித் தவணையில் ஒரு தொகையை நிறுத்தி வைப்பதாக எழுதி வாங்குவது நல்லது.

வாங்கிய பிறகு

முதல் வாரத்திலேயே எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் மூன்றையும் மாற்றிவிடுங்கள். முன்னவர் எப்போது மாற்றினார் என்ற விசாரணை தேவையில்லை. டைமிங் பெல்ட் மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் அதையும் மாற்றுங்கள். அதன்பின் கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும். மாசுச் சான்று பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளுக்கு ஒரு வருடமும் அதற்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதமும் செல்லும்.

வாரம் ஒரு நாளாவது நிறுத்தாமல் அரை மணி நேரம் ஓட்டுங்கள். நாங்கள் ஞாயிறு காலையில் முக்கொம்பு வரை போய் வருகிறோம். போகும்போதே ஆயில் நன்றாகச் சூடாகிவிடும், பேட்டரியும் நிரம்பும். பேரனுக்கு அது பூங்கா பார்க்கும் பயணம், மெக்கானிக்குக் கொடுக்கும் கூலியில் மிச்சம் பிடிக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியாது.